குழை அண்ணையும் கனடா அரசாங்கமும்

ரொறன்ரோ மரங்கள் இரண்டே இரண்டுக்குத்தான் பயந்தவை. ஒன்று குளிர்காலம். மற்றது குழை அண்ணை. குளிர்காலமாவது வருவதற்கு முதல் வானொலியில் சொல்லிவிட்டு வரும். குழை அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் வந்து மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டுக்குப் போடுவதற்காக வெட்டும் இலைக்கொத்துக்கு யாழ்ப்பாணத்தில் குழை என்று பெயர். அந்தக் குழையை ரொறன்ரோவில் தேடித் திரிந்த முதல் மனிதர் அவர்தான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. தொழிற்சாலையில் அந்தச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். "குழை அண்ணை!" என்றால் மட்டும் மெஷின் சத்தத்தையும் மீறி "ஓம்!" என்று பதில் வரும்.

கனடாவுக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலில் ஒரு தொழிற்சாலை, பிறகு இரண்டாவது தொழிற்சாலை, பிறகு ஒரு வான் வண்டி, பிறகு ஒரு வீடு. குழை அண்ணை தொழிற்சாலை தொழிற்சாலையாக மாறி வேலை செய்துகொண்டே, வான் வாங்காமல் நேரே ஆட்டுக்குத் தாவினார். பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரக் கிழவரிடம் ஓட்டை விழுந்த கொட்டில் ஒன்றையும் துண்டு நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்க்கத் தொடங்கினார்.

"எங்கடை சனம் இஞ்சை நல்ல ஆட்டிறைச்சி இல்லாமல் தவிக்குது, தம்பி. ஃபிறீசரிலை கிடந்து கிடந்து மரக்கட்டையாப் போனதைத்தானே சமைக்குதுகள். நான் உயிராடு வளர்த்துக் குடுக்கப் போறன். இரண்டு வருசத்திலை வீடு வாங்கிக் காட்டுறன் பாரும்" என்றார்.

திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மனிதர் ஆடுகளுக்குப் பெயர் வைத்துவிட்டார். அதுவும் என்ன பெயர்கள்! தன்னை எந்தெந்தத் தொழிற்சாலையில் யார் யார் வேலையை விட்டு நிறுத்தினார்களோ அவர்களுடைய பதவிகளையெல்லாம் வைத்தார். சூப்பர்வைசர், மனேச்சர், லீட் ஹான்ட் என்று ஒரு கொம்பனியையே கொட்டிலில் கட்டி வைத்திருந்தார். வெட்டும்போது மனம் இரங்காமல் இருக்கத்தான் அப்படி வைத்தாராம்.

இறைச்சிக்கடை முதலாளி மனேச்சரைக் கொண்டுபோக வந்தபோது, "மனேச்சருக்குத் தடிமன், மூக்காலை ஓடுது. சுகமாகட்டும், பாப்பம்" என்று அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் லீட் ஹான்டைக் கேட்டு வந்தார். "ஐயோ, லீட் ஹான்ட் குட்டித்தாச்சியெல்லோ, பாவம்" என்றார். லீட் ஹான்ட் தாடி வைத்த ஒரு கிடாய். முதலாளி அந்தத் தாடியை ஒருமுறை பார்த்தார், குழை அண்ணையை ஒருமுறை பார்த்தார், வானில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இந்த மனிதர் ஒருநாளும் ஓர் ஆட்டையும் விற்கப் போவதில்லை. மனைவியும் மகளும் கொழும்பில் ஸ்பொன்சர் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். இவர் இங்கே தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டை தீரும்வரை மகளுக்கு ஆடுகளின் சுகசெய்தி சொல்லிக்கொண்டிருப்பார். "சூப்பர்வைசருக்கு நேற்று முழுக்க வயித்தாலை போனது, பிள்ளை" என்று அவர் கவலைப்படுவதைக் கேட்டுவிட்டு, கட்டடத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், முதலாளிமார் மீது இவ்வளவு பாசம் உள்ள தொழிலாளியைத் தான் கண்டதில்லை என்று என்னிடம் வியந்தார்.

ஆடுகள் பிக்கரிங்கில் இருந்தாலும் அவற்றின் சாப்பாட்டுக்கடை வெக்ஸ்போர்ட் தெருக்கள்தான். ஊரிலிருந்து எப்படியோ ஒரு கொக்கைச்சத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். நீண்ட தடியின் நுனியில் வளைந்த கத்தியைக் கட்டினால் அதுதான் கொக்கைச்சத்தகம். ஊரில் அது இல்லாத வீடு இல்லை. வெக்ஸ்போர்ட்டில் அதைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தால் என்ன நடக்கும் என்பதை ஒருநாள் கண்டோம். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் மனைவி ஜன்னலில் நின்று கத்தினாள்.

"இஞ்சாருங்கோ! குழை அண்ணையைப் பொலிஸ் மறிச்சு வைச்சிருக்கு!"

மொழிபெயர்க்க ஓடினேன். காலடியில் மேப்பிள் கொப்புகள், கையில் கொக்கைச்சத்தகம். பொலிஸ்காரரின் கை இடுப்புத் துப்பாக்கியில் இருந்தது.

"அண்ணை, முதல்லை கத்தியைக் கீழை வையுங்கோ."

"வைக்கிறன். அந்த வீட்டு மனிசியைக் கேட்டுப்போட்டுத்தான் வெட்டினனான். ஒண்டு கேட்டுச் சொல்லும், தம்பி. இந்த நாட்டுக் கொடியிலை கீறிக் கிடக்கிற இலையை ஆட்டுக்குப் போடக்கூடாதெண்டு இஞ்சை சட்டம் இருக்கோ?"

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரர் கொப்பையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்படி ஒரு சட்டம் இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மாமியார் வீட்டு முசுக்கொட்டை மரம் கூரையில் முட்டுகிறது, வெட்டிவிட இவர் வருவாரா என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை அந்த மரம் மொட்டையாக நின்றது. மாமியார் கேக் வெட்டிக் கொடுத்தாராம்.

வெட்டிய குழையைப் பஸ்ஸில்தான் கொண்டுபோவார். ஒருமுறை சாரதி, கட்டு பெரிதாக இருக்கிறது, ஓர் ஆளின் இடத்தைப் பிடிக்கும் என்று மறுத்தார். இவர் கட்டுக்கும் சேர்த்து டிக்கட் போட்டார். போட்டதோடு விடவில்லை, கட்டை ஆசனத்தில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தார். வழியில் ஒரு வயதான அம்மா ஏறியபோது மரியாதையாக எழுந்து தன்னுடைய இடத்தைக் கொடுத்தார். கட்டு இறங்கும்வரை சொகுசாக இருந்து வந்தது.

ஒரு வருடம் கோடை மழை பொய்த்துவிட்டது. பிக்கரிங் வயல்கள் பப்படம்போல் காய்ந்தன. காய்ந்த புல்லின் விலை ஏறிக்கொண்டே போனது. இறைச்சிக்கடை முதலாளி மறுபடியும் வந்தார். இம்முறை அவர் கோபமாகவோ கிண்டலாகவோ பேசவில்லை.

"அண்ணை, பனி கொட்டினால் இதுகளுக்கு என்னத்தைப் போடப் போறியள்? பட்டினி போட்டுக் கொல்லுறதிலும் பாக்க என்னட்டைத் தாறது புண்ணியமெல்லோ?"

குழை அண்ணைக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. பனி விழுவதற்குள் குளிர்காலம் முழுவதற்கும் தீவனத்துக்கு வழி பிறக்காவிட்டால் ஆடுகளில் பாதியைத் தருவதாக வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். எந்தப் பாதி என்று நினைத்து நினைத்தே அந்தக் கிழமை மனிதர் மெலிந்துபோனார்.

அப்போதுதான் பண்ணைக்காரக் கிழவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். வறட்சியால் கஷ்டப்படும் கால்நடைக்காரர் குளிர்காலத் தீவனம் தயாரிப்பதற்கு அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கிறதாம். நாங்கள் முதலில் எங்களால் இயன்ற அளவு தயாரித்துவைக்க வேண்டும். ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். தயாரித்த அளவுக்கு ஏற்பப் பணம் வரும். அந்தப் பணத்தில் மிச்சப் புல்லை வாங்கலாம்.

குழை அண்ணை என்னைத் திரும்பத் திரும்ப மொழிபெயர்க்கச் சொன்னார். "வடிவாய்க் கேட்டனீரோ? அரசாங்கம் ஆட்டுக்குச் சாப்பாடு குடுக்குதோ? எங்கடை ஊரிலை அது மனிசருக்கே குடுக்கேல்லையே, தம்பி!"

அடுத்த நாளில் இருந்து அவர் நித்திரையை மறந்தார். கிழவரின் வயலில் தப்பிய புல்லை வெட்டிக் காயவைத்துக் கட்டினார். பச்சைச் சோளத்தையும் புல்லையும் நறுக்கி, கொட்டிலுக்குள் தோண்டிய கிடங்கில் போட்டு, காற்றுப் போகாமல் மிதித்து, பிளாஸ்ரிக்கால் மூடிப் புளிக்கவைக்கும் வித்தையைக் கிழவர் சொல்லிக்கொடுத்தார். அதற்கு சைலேஜ் என்று பெயர். "ஓ, புல்லு ஊறுகாய்" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் அதற்கு அதுதான் பெயர்.

மிதிப்பதற்கு மற்றவர்கள் டிராக்டர் ஓட்டுவார்கள். குழை அண்ணையிடம் டிராக்டர் இல்லை, ஆனால் எங்கள் கட்டடம் முழுவதும் அவரிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வான் வானாகப் போய் இறங்கினோம். அன்ரிமார், அங்கிள்மார், சப்பாத்தோடும் சப்பாத்தில்லாமலும் கிடங்குக்குள் இறங்கி மிதித்த மிதியில் அந்த ஊறுகாய் தலைமுறைக்கும் கெட்டுப்போகாது. மத்தியானம் பசித்தபோது என் மனைவி வானில் இருந்து பெரிய சட்டியை இறக்கினாள். குழை அண்ணை மூக்கை உறிஞ்சினார்.

"பிள்ளை, சட்டிக்குள்ளை என்ன?"

"ஆட்டிறைச்சிக் கறி, அண்ணை."

மனிதர் பதறிப்போய்ச் சட்டியை அவள் கையோடு சேர்த்து வானுக்குள் தள்ளினார். "என்ன பிள்ளை வேலை பாத்தனீ! பிள்ளையளுக்கு முன்னாலை உதைத் திறக்கிறதே!" அன்று நாங்கள் எல்லோரும் சம்பலும் பாணும் தின்றுவிட்டு வந்தோம். சட்டி மூடியபடியே வெக்ஸ்போர்ட்டுக்குத் திரும்பியது.

இலை உதிரும் காலம் வந்ததும் இன்னொன்று செய்தார். வீட்டுக்காரர்கள் இலையைக் கூட்டிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைப்பார்கள், நகரசபை லொறி அள்ளிக்கொண்டு போகும். குழை அண்ணை லொறிக்கு முந்தினார். என் வானை எடுக்கச் சொல்லி, தெருத்தெருவாகப் பைகளை ஏற்றிக் கொட்டிலில் அடுக்கினார். ஏற்றும் முன் ஒவ்வொரு பையையும் அவிழ்த்துக் கொட்டி, கல்லும் கண்ணாடியும் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் மீண்டும் கட்டுவார். "பிள்ளையள் தின்னிற சாமான், தம்பி. அவசரப்படக்கூடாது" என்பார். என் வானில் ஏறிய இலை மணம், வானை விற்கும்வரை போகவில்லை.

அதிகாரி வரும் நாள் வந்தது. பண்ணைக்குத் திரும்பும் மண்பாதைக்குப் பெயர்ப்பலகை இல்லாததால் குழை அண்ணையும் நானும் பெருந்தெரு மூலையில் காலையிலேயே போய் நின்றோம். அவர் தன் கலியாணக் கோட்டைப் போட்டு, கழுத்தில் ரை கட்டியிருந்தார். சூப்பர்வைசருக்கும் சீப்பால் வாரி விட்டிருந்தார். பண்ணையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கட்டடத்து ஆட்களிடம் விட்டுவிட்டு வந்தோம். அங்கேதான் பிழை விட்டோம்.

எங்கள் முதல் மாடியில் ஓய்வுபெற்ற விதானையார் ஒருவர் இருந்தார். ஊரில் கிராம அதிகாரியாக இருந்து ஒரு கிராமத்துக்கே நிவாரணம் பங்கிட்டவர். அரசாங்க உதவி என்றால் தன்னைவிட விஷயம் தெரிந்தவர் இல்லை என்ற நினைப்பு. எங்கள் ஆட்களும் நிவாரண வரிசைகளில் நின்று பழகியவர்கள்தானே. அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

வெள்ளைக்காரப் பெண் அதிகாரி ஒருத்தி முழங்கால் உயரச் சப்பாத்தோடு வந்திறங்கினாள். குழை அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளைக் கூட்டிப்போய்க் கொட்டில் கதவைத் தள்ளித் திறந்தார்.

கொட்டில் வெறுமையாக இருந்தது. புல் கட்டும் இல்லை, இலைப் பையும் இல்லை. கூட்டிப் பெருக்கியிருந்தது. கிடங்கு இருந்த இடத்தில் பழைய பாய்கள் விரித்து, நடுவில் கதிரை போட்டு, இடுப்பில் கட்டிய கிழிந்த சாரத்தோடு விதானையார் இருந்தார். குளிருக்குச் சாரத்தின் கீழே நீளக் காற்சட்டை தெரிந்தது. அவரைச் சுற்றி எங்கள் அன்ரிமார் காப்புச் சங்கிலி எல்லாம் கழற்றி, தலையையும் கலைத்துவிட்டு, இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். என் மனைவி என் பழைய குளிரங்கியைப் பின்புறம் முன்புறமாகப் போட்டிருந்தாள்.

குழை அண்ணை கலியாணக் கோட்டோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"களவு போச்சுதே, தம்பி! என்ரை பிள்ளையள் இனி என்னத்தைத் தின்னும்?"

கண்ணீர் ஓடியது. அதிகாரி சங்கடத்தோடு, தீவனம் ஒன்றும் இல்லையென்றால் தான் ஒன்றும் எழுத முடியாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். விதானையார் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி.

"நல்லாய் அழுகிறீர். இன்னும் கொஞ்சம் அழும். எல்லாம் பத்திரமாய் வானுகளுக்கை கிடக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

அதை நான் விளங்கிக்கொள்வதற்கு முன் ஆடுகள் விளங்கிக்கொண்டன. புளித்த வாசம் பாய்க்குக் கீழிருந்து வந்துகொண்டிருந்ததே! மனேச்சர், லீட் ஹான்ட், சூப்பர்வைசர் எல்லோரும் திறந்த கதவால் வரிசையாக உள்ளே வந்து விதானையாரைச் சூழ்ந்து, அவருடைய கால்மாட்டில் பாயைக் கடித்து இழுக்கத் தொடங்கினார்கள். லீட் ஹான்ட் இழுத்தது பாயை அல்ல, சாரத்தை. அதிகாரி, இந்த ஆடுகளுக்கு இந்தப் பெரியவரில் ஏன் இவ்வளவு விருப்பம் என்று கேட்டாள்.

குழை அண்ணை துள்ளி எழுந்தார். ஒரே பிடியில் கதிரையை விதானையாரோடு தூக்கி அப்பால் வைத்தார். பாயை உருவி, பிளாஸ்ரிக்கைக் கிழித்து, இரண்டு கையாலும் அள்ளி அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "ஊறுகாய், மிஸ்! ஊறுகாய்!" அவள் மணந்து பார்த்து, கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, மிக நன்றாக வந்திருக்கிறது, யாருடைய டிராக்டர் என்று கேட்டாள். நான் அன்ரிமாரைக் காட்டினேன்.

பிறகு வான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என்னுடைய வானுக்குள்ளும் புல் இருந்தது. சாவியைக் கொடுத்தவள் என் மனைவிதான். கட்டுகள் இறங்கிக்கொண்டே இருக்க, இதையெல்லாம் ஏன் ஒளித்தீர்கள் என்று அதிகாரி கேட்டாள். விதானையார் சாரத்தை இறுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"பிள்ளை, நானும் உம்மைப்போலை எழுதிக் குடுத்த மனிசன். சாக்கிலை அரிசி இருந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் நிவாரணம் எழுதினதில்லை. அதுதான் இந்த அப்பாவிக்காக ஒளிச்சனாங்கள்."

நான் மொழிபெயர்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கிழிந்த சாரத்தையும், அன்ரிமாரின் கலைந்த தலைகளையும், கோட்டில் புல் ஒட்டிய குழை அண்ணையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இங்கே தங்கள் வேலை, தீவனம் செய்துவைத்தவருக்கு உதவுவது, ஆனால் ஒருவருக்காக இத்தனை பேர் ஏழைகளாக நடித்ததைத் தான் கண்டதில்லை என்று சொன்னாள். கட்டுகளையும் கிடங்கையும் பதிந்துகொண்டாள். இலைப் பைகளைப் பார்த்ததும் தயங்கினாள். விதிகளில் இலை இல்லை. இலைக்குப் பணம் எழுத முடியாது.

"பரவாயில்லை எண்டு சொல்லும். ஆட்டுக்கு விதி தெரியாது" என்றார் குழை அண்ணை.

பணம் வந்தது. வந்த அன்றே அதைக் காய்ந்த புல்லாக மாற்றிவிட்டார். இறைச்சிக்கடை முதலாளி வந்து நிறைந்த கொட்டிலைப் பார்த்துவிட்டு, தானே சூப்பர்வைசரின் தலையைத் தடவிவிட்டுப் போனார். ஆனால் அந்த வருடக் குளிர் எங்களை ஏமாற்றிவிட்டது. வசந்தம் என்று கலண்டர் சொன்ன பிறகும் பனி போகவில்லை. புல் தீர்ந்தது, ஊறுகாய் தீர்ந்தது. மிஞ்சியிருந்தவை அரசாங்கக் கணக்கில் சேராத அந்த இலைப் பைகள்தான். ஒவ்வொரு பையாக அவிழ்த்துப் போட்டு, கடைசிப் பனி உருகும்வரை ஒரு குட்டிகூடச் சாகாமல் காப்பாற்றினார். விதானையார், இலை சேர்த்ததும் தன் யோசனைதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். குழை அண்ணை மறுக்கவில்லை.

பிறகு அவருடைய மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஆடுகள் ஒவ்வொன்றாக முதுமையில் போய்ச் சேர்ந்தன. கொம்பனியில் கடைசிவரை நின்று பிடித்தது மனேச்சர். கிழவரின் நிலத்தில் புதுவீடுகள் எழுந்தன, அவற்றில் ஒன்றில்தான் இப்போது நான் இருக்கிறேன். குழை அண்ணை மகளோடு எட்மன்ரன் போய்விட்டார். எனக்கு அண்ணன் தம்பிகள் நிறைய உண்டு. ஆனால் ரெலிபோன் அடிக்கும்போது அவராக இருக்கக்கூடாதா என்று நான் ஏங்குவது அவர் ஒருவருக்காகத்தான்.

அவரும் அழைப்பார். சுகம் விசாரிக்கமாட்டார்.

"இலை விழுந்திட்டுதோ, தம்பி?"

"ஓம் அண்ணை, விழுந்திட்டுது."

"கல்லுப் பொறுக்கிப்போட்டே கட்டினீர்?"

"பொறுக்கினனான், அண்ணை."

உண்மையாகவே பொறுக்குகிறேன். மனைவி வாசலில் நின்று கேலி செய்ய, ஒவ்வொரு பையையும் கொட்டி, கல்லும் கண்ணாடியும் எடுத்துவிட்டுத்தான் மீண்டும் கட்டித் தெருவோரம் வைக்கிறேன். அடுத்த நாள் காலையில் நகரசபை லொறி வந்து அவற்றை அள்ளிக்கொண்டு போவதை மட்டும் நான் அவருக்குச் சொல்வதில்லை.